சுடுமல்லிச் சுமை

“மழை பேஞ்சும் வாடற பயிரை நீங்க எங்கேயாவது பார்த்திருக்கீங்களா அம்மா?” என்று கேட்டார் செங்கோடர்.

அம்மை முறத்தில் சோளம் புடைத்துக்கொண்டிருந்தார். புடைக்க அதிகம் இல்லை.

“பார்த்திருக்கேன்,” என்றார். “நம்ம காட்டுலதான்.”

மலைக் கணவாயின் அடியில் இருந்தது அந்த மடம். மலையைக் கடந்து வருகிறவர்களுக்கும் கடக்கப் போகிறவர்களுக்கும் அங்கே ஒரு கலயம் சோளக்கூழ் உண்டு. அதற்காகவே ஊர் அந்தக் காட்டை மடத்துக்கு விட்டிருந்தது. வானம் பார்த்த நிலத்தை அந்தப் பக்கத்தில் காடு என்றுதான் சொல்வார்கள்.

கொடுத்தபோது ஊர் ஒரு நிபந்தனையும் வைத்தது. வழிப்போக்கர் ஒருவர் பசியோடு திரும்பினாலும், அன்றைக்கே நிலம் ஊருக்குத் திரும்பிவிடும்.

காடு செங்கோடரின் பொறுப்பில் இருந்தது. சொந்த நிலத்தை மகன்களிடம் ஒப்படைத்துவிட்டு ஞானம் தேடி மடத்துக்கு வந்தவர் அவர். மடத்தின் குருவான கருணாம்பிகை அம்மைக்கு அவருடைய மகள் வயதுதான் இருக்கும். வந்த அன்றே அவர் கையில் அம்மை ஒரு மண்வெட்டியைக் கொடுத்தார்.

“ஞானம் கேட்டேன். மண்வெட்டி கிடைச்சுது,” என்று செங்கோடர் சமையல்கட்டில் பாவாயியிடம் சொல்வார்.

“எனக்குக் கரண்டி கிடைச்சுதுண்ணா. நான் ஏதாவது சொன்னேனா?” என்பாள் பாவாயி. அவளும் சிஷ்யைதான்.

காட்டில் சுடுமல்லி வந்திருந்தது.

சாண் உயரச் செடி. மெல்லிய இலை. பல் முளைத்தாற்போலச் சின்னச் சின்ன வெள்ளைப் பூ. பார்த்தால் பாவமாக இருக்கும். ஆனால் மண்ணுக்குள்ளே அதன் வேர் சோளத்தின் வேரைக் கவ்விக்கொண்டு, சோளம் குடிக்க வேண்டியதையெல்லாம் தான் குடிக்கும். அது தலை காட்டும்போது சோளம் பாதி செத்திருக்கும்.

“இதுக்கு ஒரு வழி சொல்லுங்கம்மா,” என்றார் செங்கோடர். “இன்னும் ரெண்டு அறுப்பு இப்படியே போனா பானை கவிழ்ந்துரும்.”

“நீங்க இப்ப என்ன வழி வச்சிருக்கீங்க?”

“ஊர் வழக்கப்படிதான் செய்யறேன். காஞ்ச பிறகு பிடுங்கி, கட்டி, மந்தைத் தீயில போடறேன்.”

அந்த ஊரில் அப்படி ஒரு வழக்கம் இருந்தது. அறுப்பு முடிந்ததும் எல்லோரும் தங்கள் காட்டில் காய்ந்து நிற்கும் சுடுமல்லியைப் பிடுங்கிச் சுமையாகக் கட்டுவார்கள். பறை முழங்க ஊர்ப் பொதுவெளியான மந்தைக்குக் கொண்டுபோய்க் குவித்துக் கொளுத்துவார்கள். யார் சுமை பெரிதோ அவர் தலையில் கோயில் பட்டுத்துணியைப் பரிவட்டமாகக் கட்டுவார்கள்.

“போன வருஷம் பரிவட்டம் யாருக்கு?” என்று கேட்டார் அம்மை.

“எனக்குத்தாங்க.”

“அதுக்கு முந்தின வருஷம்?”

“அதுவும் எனக்குத்தான்.” செங்கோடர் சற்றே நிமிர்ந்தார்.

“இந்த வருஷம்?”

“இந்த வருஷம் சுமையைத் தூக்கவே கூட ஒரு ஆள் வேணும்மா. வேற யாருக்குக் கட்டப் போறாங்க?”

அம்மை மறுபடியும் புடைக்கத் தொடங்கினார்.

முறத்தின் சத்தம் மட்டும் கேட்டது. செங்கோடர் நிமிர்ந்தபடியே நின்றார். பிறகு மெல்லத் தளர்ந்தார்.

“வருஷா வருஷம் சுமை பெருசாகுது,” என்றார்.

“நல்லா வளருது,” என்றார் அம்மை.

அவர் எழுந்துபோய், பாதி கட்டிச் சுவரோரம் சாய்த்திருந்த சுமையிலிருந்து ஒரு காய்ந்த செடியை உருவினார். அதைச் செங்கோடரின் உள்ளங்கைமேல் தட்டினார். கறுப்பாக ஏதோ விழுந்தது. விபூதியைவிட நைசான பொடி.

“என்னது இது?”

“தூசிங்க.”

“ஊதுங்க.”

செங்கோடர் ஊதினார். உள்ளங்கையில் ஒன்றும் மிஞ்சவில்லை.

“எங்கே போச்சு?”

செங்கோடர் காட்டுப் பக்கம் பார்த்தார். வாசலில் இருந்து காடுவரை சுமையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்த தடம் தெரிந்தது. காட்டின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை அந்தச் சுமையைக் குலுக்கிக் குலுக்கித்தான் அவர் கொண்டுவருவார்.

“அவ்வளவும் விதையா?” என்றார்.

அம்மை அந்தச் செடியைச் சுமையில் திரும்பச் செருகினார்.

“அப்போ வருஷா வருஷம் நானேதான் காடு பூரா விதைச்சிருக்கேன்.”

“பரிவட்டம் கட்டிக்கிட்டு,” என்று சமையல்கட்டிலிருந்து பாவாயியின் குரல் வந்தது.



“இனிமே பச்சையா இருக்கும்போதே பிடுங்கிடறேன்,” என்றார் செங்கோடர்.

“பிடுங்குங்க. ஏற்கெனவே மண்ணுக்குள்ளே கிடக்கிற விதையை என்ன பண்ணுவீங்க? அது பல வருஷம் தூங்கும். சோள வேர் பக்கத்துல வந்தாத்தான் கண் முழிக்கும்.”

“அதுக்குத்தானேம்மா உங்களைக் கேட்கிறேன்.”

அம்மை ஒரு கூடையை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

“நடங்க,” என்றார்.

கணவாய்க்குப் போகும் வழியில் ஆளில்லாத காடு ஒன்று உண்டு. அதை உழுதவர் என்றோ பஞ்சம் பிழைக்கப் போனவர். திரும்பி வரவில்லை. தானாக விழுந்து முளைத்த சோளமும் புல்லும் அங்கே கலந்து கிடந்தன.

களை எடுக்க ஆளில்லாத காட்டில் சுடுமல்லி இடுப்பளவு புதராக இருக்கும் என்று நினைத்துக்கொண்டே போனார் செங்கோடர்.

அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் நின்றது. சோளம் கருகரு என்று இருந்தது.

செங்கோடர் காட்டைச் சுற்றி வந்தார். மறுபடியும் ஒரு சுற்று வந்தார்.

“இங்கே யாரும்மா களை எடுக்கிறது?”

அம்மை ஒரு சுடுமல்லிச் செடியைக் காட்டினார். அதன் காய்கள் சீரகம் போல ஒல்லியாக இல்லை. மிளகு போல உருண்டு வீங்கியிருந்தன. அதில் ஒன்றைக் கிள்ளி அவரிடம் தந்தார்.

செங்கோடர் நகத்தால் அதைப் பிளந்தார்.

உள்ளே கறுப்புப் பொடி இல்லை. வெள்ளையாக ஒரு புழு சுருண்டு கிடந்தது. தலை மட்டும் பழுப்பு நிறம்.

பயிர் செய்கிறவன் புழுவைக் கண்டால் யோசிப்பதில்லை. செங்கோடரின் கட்டைவிரல் தானாக அழுந்தியது.

அம்மை அந்த விரலையே பார்த்தார்.

“இங்கே களை எடுக்கிறது யாருன்னு கேட்டீங்க,” என்றார். “அந்த ஆளைத்தான் இப்ப நசுக்கினீங்க.”



கூடை நிறைய வீங்கிய காய்களைச் செடியோடு பறித்துக்கொண்டு திரும்பினார்கள்.

“அம்மா,” என்றார் வழியில் செங்கோடர். “ஊரெல்லாம் களையைக் காட்டுக்கு வெளியே தூக்கிப் போடும். நான் மட்டும் காட்டுக்குள்ளே சுமந்துகிட்டுப் போறதா?”

“கூடை கனமா இருக்கா?”

“இல்லைங்க.”

“அப்போ சுமங்க.”

காட்டில் அந்தச் செடிகளை அங்கங்கே பரப்பினார்கள். அவருடைய காட்டிலும் சில செடிகளில் மிளகுக் காய்கள் இருந்தன. இத்தனை வருஷமும் அவர் அவற்றைப் பார்த்ததே இல்லை. பார்த்ததெல்லாம் சுமையின் உயரத்தைத்தான்.

“சீரகம் மாதிரி இருந்தா பச்சையிலேயே பிடுங்கிடுங்க,” என்றார் அம்மை. “மிளகு மாதிரி இருந்தா விட்டுடுங்க.”

“இவ்வளவுதானா?”

“இவ்வளவுதான்.”

ஞானம் தேடி வந்தவருக்கு அம்மை செய்த முதல் உபதேசம் அது. செங்கோடர் அதைச் சொல்லிப் பார்த்தார். மந்திரம் போலவே இல்லை. ரசத்துக்குச் சொல்லும் பக்குவம் போல இருந்தது.



மந்தையில் பறை முழங்கியது. ஆளாளுக்குச் சுமையோடு வந்தார்கள். செங்கோடர் கைவீசிக்கொண்டு வந்தார்.

“சுமை எங்கே செங்கோடரே?” என்று கேட்டார் ஊர்த்தலைவர் நாச்சிமுத்து.

“கொண்டு வரலைங்க.”

“காட்டுல களை இல்லையா?”

“இருக்குதுங்க. விட்டு வச்சிருக்கேன்.”

கூட்டம் சிரித்தது.

“மடத்துக்குப் போனா களை மேலயும் கருணை வருமாட்டம் இருக்குது,” என்றார் ஒருவர்.

“இனிமே கூழுக்குத் தொட்டுக்கச் சுடுமல்லித் துவையல்தான்,” என்றார் இன்னொருவர்.

நாச்சிமுத்து சிரிக்கவில்லை. “உங்க களை காத்துல பறந்து எங்க காட்டுக்கு வந்தா யாரு பொறுப்பு?” என்றார். “அம்மைகிட்ட சொல்லுங்க. பானை கவிழற அன்னைக்கு நிலம் ஊருக்கு. இது நான் வச்ச ஏற்பாடு இல்லை, எங்க முன்னோர் வச்சது.”

பரிவட்டத்தை வேறொருவர் தலையில் கட்டினார்கள். செங்கோடர் தீ அணையும்வரை நின்றார். பாதியில் போனால் ஓடிப்போனதாகச் சொல்வார்கள்.

மடத்துக்குத் திரும்பியதும் பாவாயி அவர் முகத்தைப் பார்த்தாள். அன்றைக்கு அவள் கிண்டல் செய்யவில்லை. கலயத்தில் கூழ் ஊற்றிக் கொடுத்தாள்.



மறுபடியும் மழைக்காலம் வந்தது. விதைத்தார்கள். சோளம் முளைத்தது. சில வாரங்களில் அதன் காலடியில் சுடுமல்லியும் தலை நீட்டியது.

செங்கோடர் காத்திருந்தார்.

பூத்தது. காய்த்தது. அவரால் பொறுக்க முடியவில்லை. காய்களைக் கிள்ளிப் பிளந்து பார்த்தார். பொடி. இன்னொன்று. பொடி. உருண்டையாக இருந்த ஒன்றில் புழு. அப்பாடா என்று இருந்தது. மறுநாளும் பிளந்தார். அதற்கு மறுநாளும் பிளந்தார்.

“இருக்குதும்மா,” என்று சாயங்காலம் வந்து சொன்னார். “மிளகுக் காய் எல்லாத்துலயும் இருக்குது. ஒண்ணு விடாம பிளந்து பார்த்துட்டேன்.”

அம்மை விளக்குக்குத் திரி திரித்துக்கொண்டிருந்தார்.

“பிளந்த காய்க்குள்ளே இருந்தது பிழைக்குமா?”

“பிழைக்காதுங்க.”

“இன்னைக்கு நம்புறதுக்கு எத்தனை பேரைக் கொன்னீங்க?”

செங்கோடர் தன் நகங்களைப் பார்த்தார். அவை ஈரமாக இருந்தன.

மறுநாள் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு காட்டுக்குப் போனார். ஒரு செடியின் பக்கத்தில் உட்கார்ந்தார். ஒன்றையும் தொடவில்லை. வெயில் ஏறியது. முதுகு வலித்தது. ஒரு சோளத்தட்டையின் நிழல் அவர் முழங்காலைத் தாண்டிப் போனது.

அப்போது அதைப் பார்த்தார்.

ஒரு மூக்கு வண்டு. எள்ளளவுதான் இருக்கும். மண்ணுக்கும் அதற்கும் நிறத்தில் வித்தியாசம் இல்லை. யானைத் துதிக்கையைச் சுருக்கி வைத்தாற்போல ஒரு மூக்கு. அது தண்டில் ஏறிற்று. பூவுக்கு அடியில் இருந்த பிஞ்சைச் சுற்றி வந்தது. ஒரு இடத்தில் நின்றது. மூக்கால் துளைக்கத் தொடங்கியது. தச்சர் துளை போடுவதுபோல அவசரமே இல்லாமல் துளைத்தது. பிறகு திரும்பி நின்று, துளையில் தன் பின்புறத்தை வைத்துக் கொஞ்ச நேரம் அசையாமல் இருந்தது. முட்டை இட்டது.

இட்டு முடித்ததும் அடுத்த பிஞ்சுக்குப் போனது.

அந்தப் பிஞ்சு இனிக் காயாகி வீங்கும். பொடியாகி ஊரெல்லாம் பறக்க வேண்டியதைப் புழு உள்ளே இருந்தே தின்று தீர்க்கும். வயிறு நிறைந்ததும் துளைத்து வெளியே வந்து மண்ணில் விழும். மண்ணுக்குள்ளே மண்ணாலேயே ஒரு சின்ன அறை கட்டிக்கொண்டு தூங்கும். அடுத்த மழையில் சுடுமல்லி பூக்கும்போது வண்டாக எழுந்து வரும். இதையெல்லாம் செங்கோடர் பிறகு ஒவ்வொன்றாகப் பார்த்துத் தெரிந்துகொண்டார்.

அன்றைக்கு அவருக்குத் தோன்றியது ஒன்றுதான். தான் ஒரு செடியைப் பிடுங்கக் குனிந்து நிமிர்வதற்குள் இடுப்பு பிடித்துக்கொள்கிறது. இது கேட்பாரில்லாமல், யாரும் பார்க்காமல், ஒரு பிஞ்சையும் விடாமல் போய்க்கொண்டே இருக்கிறது.

அவர் எழுந்தபோது வண்டு இருந்த செடியைச் சுற்றிக் காலை எட்டி வைத்து நடந்தார்.



“அண்ணா, எனக்கு ஒரு சந்தேகம்,” என்றாள் பாவாயி. “பூச்சியைக் கூட்டி வந்து காட்டுல விட்டுட்டீங்க. களை தீர்ந்து போச்சுன்னா நாளைக்குச் சோளத்துல வாய் வைக்காதுன்னு என்ன நிச்சயம்?”

செங்கோடருக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர் இதை யோசிக்கவே இல்லை. நேராக அம்மையிடம் போனார்.

அம்மை கேள்வியைக் காதில் வாங்கிக்கொண்டார். உள்ளே போய் ஒரு காலிப் பானையையும் ஒரு மெல்லிய துணியையும் எடுத்து வந்து அவர் முன்னால் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

செங்கோடர் பானையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்துபோய்ச் சோளத்தோகை, கம்பந்தோகை, அவரை இலை எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் பறித்து வந்து பானைக்குள் போட்டார். ஒரு வண்டையும் உள்ளே விட்டார். வாயைத் துணியால் கட்டினார்.

மறுநாள் திறந்து பார்த்தார். வண்டு துணியில் தொங்கிக்கொண்டிருந்தது. எந்த இலையிலும் ஒரு கடி கூட இல்லை.

ஒரு சுடுமல்லிக் கிளையைப் பானைக்குள் வைத்தார். கையை எடுப்பதற்குள் வண்டு இறங்கி அதன்மேல் ஏறிவிட்டது.

“பாரு பாவாயி,” என்றார். “பட்டினி கிடந்தாலும் கிடக்கும். வேற இலையைத் தொடாது.”

பாவாயி எட்டிப் பார்த்தாள்.

“எங்க வீட்டுக்காரருக்கு இந்த ஒழுக்கம் இருந்திருந்தா நான் இந்த மடத்துக்கே வந்திருக்க மாட்டேன்,” என்றாள்.

செங்கோடர் சிரித்துக்கொண்டே பானையைக் காட்டுக்குக் கொண்டுபோனார். வண்டு தானாக வெளியே வரும்வரை அதைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு நின்றார்.



அந்த ஆண்டும் அறுப்பு குறைவுதான். மண்ணுக்குள் கிடந்த பழைய விதைகள் முளைத்தபடியே இருந்தன. வண்டு இந்த ஆண்டின் களையைத் தடுக்கவில்லை. வரப்போகும் களையைத்தான் தின்றது.

நாச்சிமுத்து மடத்துக்கு வந்தார். கரண்டியால் கூழைக் கலக்கிப் பார்த்தார்.

“தண்ணி மாதிரி இருக்குதே,” என்றார்.

கரண்டியைப் பானையிலேயே விட்டுவிட்டுத் திரும்பினார்.

“இந்தத் தடவையாவது மந்தைத் தீயில மடத்துக் களை விழணும். அடுத்த அறுப்பும் இப்படி இருந்தா பானை கவிழறவரைக்கும் ஊர் காத்திருக்காது.”

அவர் போனதும் செங்கோடர் அம்மையின் முன்னால் வந்து நின்றார்.

“அம்மா, சுட்டுடலாம்மா.”

அம்மை அவரைப் பார்த்தார்.

“எனக்கு வண்டு மேல நம்பிக்கை இருக்குது. ஆனா நிலம் போயிட்டா வண்டை வச்சுக்கிட்டு என்ன செய்யறது? ஊர் வாயையாவது அடைக்கலாம். இந்த ஒரு வருஷம் சுட்டுடலாம்.”

அம்மை சமையல்கட்டுக்குள் போனார். அடுப்பிலிருந்து எரியும் கொள்ளி ஒன்றை உருவி வந்து, அதை அவர் கையில் கொடுத்தார்.

“சுடுங்க,” என்றார்.

குரலில் கோபம் இல்லை. கிண்டலும் இல்லை.

செங்கோடர் கொள்ளியோடு காட்டுக்குப் போனார். அறுத்த சோளத்தட்டைகளுக்கு நடுவே மிளகுக் காய்களோடு சுடுமல்லி நின்றது. போன ஆண்டைவிட மிளகு அதிகம். காய்ந்த புல்லும் கிடந்தது. கொள்ளியைக் கீழே வைத்தால் போதும்.

அவர் குனிந்தார்.

முகத்துக்கு நேராக ஒரு காய். அதன் பக்கவாட்டில் ஊசி குத்தினாற்போல ஒரு துளை விழுந்துகொண்டிருந்தது. உள்ளிருந்து ஒரு பழுப்புத் தலை வந்தது. பிறகு வெள்ளை உடம்பு. அது விளிம்பில் கொஞ்சம் தொங்கியது. மண்ணில் விழுந்தது. நெளிந்தது. இரண்டு மண்கட்டிகளுக்கு நடுவே தலையைக் கொடுத்து, உள்ளே போக முயன்றது.

செங்கோடர் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தார்.

புழு பாதி உள்ளே போனது. நின்றது. மறுபடி முயன்றது. முழுதும் போய்விட்டது. மண் மூடிக்கொண்டது. அங்கே ஒன்று நடந்ததாகவே தெரியவில்லை.

அவர் மடத்துக்குத் திரும்பியபோது கையில் கரிக்கட்டை இருந்தது.

“அணைஞ்சுடுச்சா?” என்று கேட்டார் அம்மை.

“அணைச்சுட்டேன்,” என்றார் செங்கோடர்.



அந்த ஆண்டு மடத்தில் இருந்தவர்கள் அரை வயிறுதான் சாப்பிட்டார்கள். வழிப்போக்கர்களுக்கு மட்டும் கலயம் குறையவில்லை.

“கூழ்ல என் முகம் தெரியுது,” என்றாள் பாவாயி ஒருநாள். “இன்னும் ஒரு சொம்பு தண்ணி விட்டா மலையும் தெரியும்.”

“விடு,” என்றார் அம்மை. “மலையை நாம குடிக்கலாம். வர்றவங்களுக்கு அடியில இருந்து ஊத்து.”

மழை வந்தது.

செங்கோடர் தினமும் விடியலில் காட்டுக்குப் போனார். சீரகத்தைப் பிடுங்கினார். மிளகை விட்டார். பிடுங்க வேண்டியது நாளுக்கு நாள் குறைந்தது. பூத்த இடங்களில் எல்லாம் எள் இறைத்தாற்போல வண்டுகள் நடமாடின. எங்கிருந்து இத்தனை வந்தன என்று அவர் கேட்கவில்லை. அவர் காலடி மண்ணிலிருந்துதான்.

சுடுமல்லி ஒழிந்துவிடவில்லை. ஆனால் சோளம் தன் தண்ணீரைத் தானே குடித்தது. தட்டை அவர் தலைக்குமேல் வளர்ந்தது. கதிர் தலை சாய்த்தது.

பாவாயி பானைக்குள் கரண்டியை நிறுத்தினாள். சாயாமல் நின்றது.

“அண்ணா, வந்து பாருங்க,” என்றாள். அவர் வந்து பார்த்தார். இருவரும் கொஞ்ச நேரம் அந்தக் கரண்டியையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.



மந்தைத் தீக்கு இன்னும் சில நாட்கள் இருந்தன. நாச்சிமுத்து தனியாக வந்தார். பாவாயி கொடுத்த கூழை உட்கார்ந்து குடித்தார். கலயத்தை விரலால் வழித்தார்.

“நிலத்தைப் பத்தி இனிப் பேச்சில்லை,” என்றார்.

அம்மை தலையசைத்தார். அவர் புடைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் பெரிய கூடை ஒன்றில் சோளம் கோபுரமாக நின்றது.

நாச்சிமுத்து எழுந்திருக்கவில்லை.

“இந்த வருஷம் என் காட்டுச் சுமையைத் தூக்க வண்டிதான் கட்டணும்,” என்றார். “பரிவட்டம் எனக்குத்தான் வரும்.”

அவர் முகத்தில் சந்தோஷம் இல்லை.

“செங்கோடரே, அந்த வண்டு எங்க காட்டுலயும் இருக்குமா?”

“இருந்துச்சுங்க.”

“இப்போ?”

“வருஷா வருஷம் சுட்டோமில்லைங்களா.”

நாச்சிமுத்து தரையைப் பார்த்தார்.

செங்கோடருக்கு அவர் என்ன கேட்க வந்திருக்கிறார் என்று புரிந்தது. அந்த மிளகுக் காய்களுக்காக ஊர் தன்னைப் பார்த்துச் சிரித்ததும், தான் அரை வயிறாகக் கிடந்ததும் ஞாபகம் வந்தன. இன்னும் ஒரு வருஷமாவது அவை தன் காட்டிலேயே இருக்கட்டும் என்று தோன்றியது. ஒரு கைப்பிடி கொடுத்து அனுப்பினால் போதாதா?

“அம்மா,” என்றார். “எவ்வளவு கொடுக்கட்டும்?”

அம்மை பெரிய கூடையைச் சாய்த்துச் சோளத்தையெல்லாம் பாயில் கொட்டினார். காலிக் கூடையை அவர் பக்கம் தள்ளினார்.

செங்கோடர் கூடையைப் பார்த்தார். அதன் ஆழத்தைப் பார்த்தார்.

பிறகு தூக்கிக்கொண்டு காட்டுக்குப் போனார்.

திரும்பி வந்தபோது கூடை விளிம்புவரை சுடுமல்லி. நாச்சிமுத்து கை நீட்டினார். செங்கோடர் கொடுக்கவில்லை. தலையில் வைத்துக்கொண்டு அவரே நடந்தார்.

ஊருக்குள் நுழைந்ததும் ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். மடத்துச் சாமியார் களையைச் சுமந்துகொண்டு ஊருக்குள் வருகிறார். ஊர்த்தலைவர் முன்னால் வழிகாட்டிக்கொண்டு போகிறார்.

நாச்சிமுத்து தன் கிணற்றுமேட்டுக் காட்டில் போய் நின்றார். தடத்தை ஒட்டிய காடு. சோளம் நன்றாகவே இருந்தது. வரப்பு சீவிச் சுத்தமாக இருந்தது.

“சம்பந்தி வீட்டு ஆளுங்க வந்தா இங்கேதான் கூட்டி வருவேன்,” என்றார். “இதுதான் என் காட்டுலயே நல்ல காடு. இங்கே இறக்குங்க.”

செங்கோடர் கூடையை இறக்கவில்லை.

“இங்கே வேண்டாங்க. இங்கே வண்டுக்குத் தீனி இல்லை.”

“அப்போ எங்கே?”

“நீங்க யாருக்கும் காட்டாத காடு எதுங்க?”

நாச்சிமுத்து அவரைப் பார்த்தார். பிறகு தடத்தைப் பார்த்தார். தடத்தில் ஊர் ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்கள்.

அவர் தோளில் இருந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். திரும்பினார். பனைமரங்களுக்குப் பின்னால் இறங்குகிற ஒற்றையடிப் பாதையில், எல்லோரும் பார்க்க, முன்னால் நடந்தார்.